வண்டி வீட்டின் ஃபர்னஸ் இரைச்சல்

கடந்த நவம்பரில் ஒரு நாள், பிற்பகல் 3 மணி இருக்கும். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வில்லிவாக்கத்து வீட்டின் கூடத்தில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. அதில் பேச்சு எதுவும் இல்லை. ஏதோ ஓர் இயந்திரம் கடகடவென்று கிளம்பி, கனத்த இரைச்சலாக மாறி, அதன்மேல் ஒரு சீழ்க்கை ஒலியும் சேர்ந்துகொள்ள, நடுவில் இரண்டு வயதுப் பேத்தி வீறிட்டு அழுவது கேட்டது. கொலராடோவில் அப்போது பின்னிரவு 2:30. பதிவின் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அப்பா, ராத்திரி முழுக்க இப்படித்தான். ஏதாவது செய்ய முடியுமா?"

மகளும் மாப்பிள்ளையும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். நம் ஊரில் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளமைப்பு ஓரளவு புரியும். ஆனால் டிரெய்லருக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. பெரிய வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். 25 அடி நீளத்துக்குள் படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் அடங்கிய அந்த வண்டி வீட்டில், படுக்கைக்கும் சமையல் மேடைக்கும் நடுவே, அலமாரியின் அடித்தட்டில், குளிர்காய்வதற்கான கேஸ் ஃபர்னஸ் பொருத்தப்பட்டிருக்கிறது. தலைமாட்டிலிருந்து நான்கு அடி தூரம்கூட இல்லை. சத்தத்தைப் பற்றி விற்றவரிடம் கேட்டபோது, எல்லா ஃபர்னஸும் இப்படித்தான் இரையும் என்று சொல்லி முடித்துவிட்டாராம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

ஃபர்னஸ் என்ற பொருளை நான் வாழ்நாளில் தொட்டதில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் பதிவானபோது அதில் வியர்த்து நின்றவன் நான். வீட்டைச் சூடாக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணமே சென்னைக்காரனுக்கு எளிதில் வராது. ஆனால் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் மின்பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், சக்கரத்தின் மேல் ஓடும் அறைக்குள் காற்றைத் தள்ளும் புளோயர் எப்படி இரையும், அந்த இரைச்சல் தரைக்கும் சுவருக்கும் எப்படிப் பரவும் என்பது எனக்குத் தெரியும். என் தந்தையார், 1955இல் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் அதை முழுவதுமாகக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். எனவே மகளிடம் முதலில் சொன்னது, எதையும் கழற்ற வேண்டாம், எனக்கு இன்னும் நான்கு பதிவுகள் வேண்டும் என்பதுதான்.

பதிவுகள் வருவதற்கு முன்பே ஒரு கேள்வியை மட்டும் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். தீ பற்றும் நேரத்தில் "பக்" என்று வெடிப்பது போன்ற சத்தம் வருகிறதா? சமையலறையில் கேஸ் அடுப்பின் திருகைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடி இரண்டு மூன்று நொடி தாமதித்தால், நெருப்பு ஒரே மூச்சில் எழுந்து கையைச் சுடுமே, அதே காரணம்தான் இங்கும்; எரிவாயு ஃபர்னஸின் உள்ளே தேங்கியபின் தீப்பொறி பட்டால் அப்படி வெடிக்கும். அந்தச் சத்தம் இருந்திருந்தால் வேறு எந்த ஆராய்ச்சியும் செய்யாமல், அன்றிரவே ஃபர்னஸை நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பம் தெரிந்தவரை அழைக்கச் சொல்லியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ஃபர்னஸ் வேலை செய்யும் வரிசையை மாப்பிள்ளையிடம் கேட்டும், அதனுடன் வந்த கையேட்டின் படங்களைப் பார்த்தும் புரிந்துகொண்டேன். அறையின் சூடு குறைந்ததும் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் "டிக்" என்று அழைப்பு விடுக்கிறது. உடனே 12 வோல்ட் மோட்டார் சுழலத் தொடங்குகிறது. அந்த மோட்டாரின் தண்டு இரண்டு பக்கமும் நீண்டிருக்கிறது. ஒரு முனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை எரி அறைக்குள் தள்ளுகிறது, மறுமுனையில் உள்ள பெரிய சக்கரம் வீட்டுக்குள் இருக்கும் காற்றை இழுத்து, சூடான எரி அறையின் வெளிப்புறத்தைச் சுற்றி ஓடவிட்டு, டக்ட் குழாய்கள் வழியே திரும்ப வீட்டுக்குள் அனுப்புகிறது. இந்த இரண்டு காற்றும் எங்கும் கலக்காது. காற்றின் வேகம் போதுமான அளவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, காற்று தள்ளினால் சாயும் மெல்லிய தகடு ஒன்று ஒரு சுவிட்சோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு சாய்ந்து, சுமார் 15 நொடிகள் கழிந்த பிறகுதான் கேஸ் வால்வு திறந்து, தீப்பொறி தட்டி, நெருப்புப் பற்றும். அறை சூடானதும் நெருப்பு அணைந்துவிடும். புளோயர் மட்டும் எரி அறையைக் குளிர்விக்க மேலும் சிறிது நேரம் ஓடி நிற்கும்.

இந்த வரிசை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எந்தச் சத்தம் எந்த நொடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டால், அது நெருப்பினுடையதா மோட்டாரினுடையதா என்று எளிதாகப் பிரித்துவிடலாம். சிலிண்டரை மூடிவிட்டுத் தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்தால் நெருப்பில்லாமல் புளோயர் மட்டும் ஓடும். மகளை அதையும் ஒரு முறை செய்து பதிவு எடுக்கச் சொன்னேன். கைப்பேசியைத் தலையணையின் மேல், தரையில், காற்று உள்ளே போகும் கிராதியின் முன்னால், வண்டிக்கு வெளியே புகை வரும் துளையிலிருந்து சற்றுத் தள்ளி என்று நான்கு இடங்களில் வைத்துப் பதிவு வந்தது. கடைசியாக, இங்கிருந்து அவள் கொண்டுபோயிருந்த மரக்கரண்டியின் நுனியை அலமாரிப் பலகைகளின் மேல் அங்கங்கே ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டு, எங்கே அதிர்வு மிகுதி என்று சொல்லச் சொன்னேன். பட்டறையில் நீண்ட ஸ்குரூ டிரைவரால் பேரிங்கைக் கேட்பது இப்படித்தான்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுகளை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. சத்தம் ஒன்றல்ல, நான்கு என்பது மெல்ல மெல்லப் பிரிந்து தெரிந்தது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் வரும் கடகடப்பு ஒன்று. நெருப்பு இல்லாதபோதும் அது வந்தது. ஓடும்போது காதைத் துளைக்கும் சீழ்க்கை இரண்டாவது. தரைப் பதிவில் மட்டும் உரத்துக் கேட்ட, வயிற்றில் அதிரும் முனகல் மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் அடியில், காற்றும் நெருப்பும் சேர்ந்து எழுப்பும் சீரான இரைச்சல் நான்காவது.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். நம் வீட்டு ஃபேனுக்கு இருப்பது போல ஒரு ரெகுலேட்டர் வைத்து மோட்டாரின் வேகத்தைக் குறைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். கூடவே, கிராதியின் மேல் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டபோது சத்தம் நன்றாக அடங்கியது என்றும் சொன்னார். அவர் கணினித் துறையில் இருப்பவர், குழந்தை தூங்க வேண்டும் என்ற தவிப்பில் சொன்னார். ஆனாலும் நான் குரலை உயர்த்தியே மறுக்க வேண்டியதாயிற்று. விசிறியின் வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும் என்பது உண்மைதான். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். ஆனால் அந்த ஒரே மோட்டார்தான் எரிவதற்குத் தேவையான காற்றையும் தள்ளுகிறது. கேஸ் வரும் அளவு மாறாமல் காற்று மட்டும் குறைந்தால் நெருப்பு முழுமையாக எரியாது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிலிண்டர் வாயு கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நாற்றம், கசிவு தெரிவதற்காகவே சேர்க்கப்படும் மெர்காப்டனுடையது. எரிந்து வெளிவரும் நச்சு வாயுவில் அந்த எச்சரிக்கை இருக்காது. அவர்கள் வண்டியை நிறுத்தியிருந்த இடம் ஊட்டியைவிட உயரமானது. காற்றே அங்கு மெலிந்திருக்கிறது. அதில் இன்னும் குறைப்பதா?

போர்வையும் அதே வகைத் தவறுதான். உள்ளே போகும் காற்றை அடைத்தால், எரி அறை அளவுக்கு மீறிச் சூடாகி, வரம்பு சுவிட்ச் நெருப்பை நிறுத்தும். அந்த சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பி ஒவ்வொரு இரவும் அதன் வாசல் வரை போய் வருவது சரியல்ல. ஃபர்னஸின் சத்தத்தைத் தகடுகளிலும் பலகைகளிலும் திருகுகளிலும் குறைக்கலாம். காற்று போகும் வழியில் மட்டும் கை வைக்கக் கூடாது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னதோடு நிற்காமல், குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். அன்று மாலையே போர்வையை எடுத்துவிட்டதாகப் படம் அனுப்பினார்.

போர்வை எடுத்த பிறகும் ஒரு சந்தேகம் எனக்கு விடவில்லை. மகள் ஓர் இரவு முழுவதும் நேரம் குறித்து அனுப்பிய தாளில், ஃபர்னஸ் ஒரு மணி நேரத்தில் எட்டு ஒன்பது முறை கிளம்பி நின்றிருந்தது. வெப்பத்தை அளக்கும் பி.டி.யு. கணக்கில் அது மணிக்கு 30,000 திறன் உள்ளது. நம் கணக்கில் சொல்வதென்றால், 12,000 பி.டி.யு. ஒரு டன், இரண்டரை டன் ஏசி எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளுமோ, புகையோடு போவது போக, ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தை இது உள்ளே கொட்டுகிறது. 25 அடி அறைக்கு அது தாராளம். அறை சூடாகி நின்றால் சரி, ஆனால் மகளின் குறிப்பின்படி அறை சூடாவதற்கு முன்பே நெருப்பு மட்டும் அணைந்து, புளோயர் ஓடிக்கொண்டே இருந்து, மறுபடியும் நெருப்புப் பற்றியிருக்கிறது. எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டிலின் அடியில் டக்ட் குழாய் எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொன்னேன். நான்கு அங்குல அகலமுள்ள நெளிவுக் குழாய், பொன்னி அரிசி மூட்டைக்கு அடியில் அப்பளம் போல் நசுங்கிக் கிடந்தது. இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு மூட்டை. வேறு இடம் இல்லாததால் அங்கே தள்ளி வைத்திருந்தார்கள்.

மூட்டையை நகர்த்தி, குழாயை நிமிர்த்தி, வளைவுகளை முடிந்தவரை நேராக்கியபின், சீழ்க்கை பாதியாகக் குறைந்தது. மீதிச் சீழ்க்கைக்குக் காரணம் கிராதிதான். அதன் துளைகள் மிகச் சிறியவை. அதற்குள் பழைய நாய் முடியும் தூசியும் வேறு அடைத்திருந்தன. சுத்தம் செய்ததோடு, கையேட்டில் சொல்லியிருந்த குறைந்தபட்ச அளவை ஒப்பிட்டுப் பார்த்து, அதைவிடப் பெரிய திறப்புள்ள கிராதியை மாற்றினார்கள். ஒரே அளவு காற்று அகலமான வழியில் போகும்போது மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போகும் காற்று சீழ்க்கையடிக்காது. காற்றைக் குறைக்காமல் சத்தத்தைக் குறைக்கும் வழி இதுதான், மாப்பிள்ளையும் அதைச் செய்து முடித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்துபோனார்.

அதைவிட முக்கியமான பலன் வேறொன்று. ஃபர்னஸ் இப்போது மணிக்கு மூன்று முறைதான் கிளம்பியது. குழந்தையை எழுப்பியது இரைச்சலின் அளவைவிட அதன் தொடக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். ரயிலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன எல்லாத் தாய்மாருக்கும் இது தெரியும்: வண்டி ஓடும் வரை அயர்ந்து தூங்கும் குழந்தை, அரக்கோணத்தில் வண்டி நின்று மறுபடி இழுக்கும்போது விழித்துக்கொள்ளும். அதனால் அவர்கள் மின் இணைப்புள்ள முகாம்களில் தங்கும்போது, 1,500 வாட் எண்ணெய் ஹீட்டர் ஒன்றையும் படுக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது ஃபர்னஸின் வேலையில் ஆறில் ஒரு பங்குதான் செய்யும் என்றாலும், சத்தமே இல்லாமல் செய்யும். ஆனால் ஃபர்னஸை அறவே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் வண்டியில் தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருப்பது ஃபர்னஸின் ஒரு டக்ட் அங்கே போவதால்தான்.

முனகலுக்கு வருகிறேன். மரக்கரண்டி அதை உடனே காட்டிக்கொடுத்தது. கேஸ் குழாய் ஒன்று அலமாரியின் மெல்லிய பலகையில் இருந்த துளை வழியே போகும் இடத்தில், பலகையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஃபர்னஸின் அதிர்வு குழாய் வழியே வந்து, அந்தப் பலகையைப் பறையின் தோல் போல் அதிரவைத்திருக்கிறது. ரயில் பெட்டியிலும் இதே கதைதான். கூரையில் உள்ள ஏசி இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் தாங்கிகளைப் போட்டு எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும், ஒரே ஒரு குழாயோ கம்பியோ உட்கூரைத் தகட்டில் முட்டினால் பெட்டி முழுவதும் ரீங்காரமிடும். இங்கே மாப்பிள்ளை குழாயைத் தொடவோ வளைக்கவோ இல்லை. பலகையின் துளையைச் சற்று அகலமாக்கி, விளிம்பில் ரப்பர் வளையம் போட்டார், அவ்வளவுதான். அலமாரிப் பலகைகளின் தளர்ந்த திருகுகளையும் இறுக்கினார். ஃபர்னஸை அடியில் ரப்பர் பட்டைகள் வைத்து உயர்த்தலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். புகைக் குழாய் வெளிச்சுவரின் துளைக்கு நேராக, இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும்; உடலை அரை அங்குலம் தூக்கினாலும் அந்தப் பொருத்தம் கெடும்.

கடகடப்பைச் சரிசெய்ய ஃபர்னஸை வெளியே எடுக்க வேண்டும், அதற்குக் கேஸ் இணைப்பைப் பிரிக்க வேண்டும். அதை வீட்டில் செய்யும் வேலையாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. செலவைப் பார்த்து மாப்பிள்ளை தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தாலும், என் நிலையில் மாற்றம் இல்லை. டிரெய்லர்களுக்கு நேரில் வந்து வேலை செய்யும் ஒரு தொழில்நுட்பர் வந்தார். என் ஊகம், சக்கரத்தை மோட்டார் தண்டோடு பிடித்திருக்கும் கிரப் ஸ்குரூ தளர்ந்திருக்கும் என்பது. அது சரியாகவே இருந்தது. சக்கரம் தண்டில் வழுக்கி, கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஆடியிருக்கிறது. நான் நினைத்தே பார்க்காத இன்னொன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். எரிகாற்றுச் சக்கரத்தின் இரண்டு இறகுகளுக்கு நடுவே குளவிக்கூட்டின் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வண்டி பல மாதங்கள் ஓடாமல் நின்றபோது புகைத் துளை வழியே குளவி உள்ளே போயிருக்க வேண்டும். சக்கரத்தின் சமநிலையை மட்டுமல்ல, எரிவதற்கான காற்றையும் அந்த மண் குறைத்துக்கொண்டிருந்தது. அதைக் காணொளி அழைப்பில் பார்த்தபோது, சத்தம் வந்ததே நல்லதாயிற்று என்று மகளிடம் சொன்னேன். எரி அறையில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்றும் அவர் பார்த்து, இல்லை என்று உறுதி செய்தார்.

இதற்குப் பிறகும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. மின் இணைப்பில்லாத இடத்தில் தங்கிய ஓர் இரவின் பதிவில், விடியற்காலையில் மோட்டாரின் குரல் கீழிறங்கி, கம்மியிருந்தது. அதைக் கேட்டவுடனே எனக்குப் பழைய ரயில் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் ஃபேனும் விளக்கும் 110 வோல்ட் டிசியில் ஓடும். வண்டி நெடுநேரம் நின்றுவிட்டால், சக்கரத்தோடு சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தராமல், பேட்டரி இறங்கி, ஃபேன் ஒரு மாதிரி இழுத்துச் சுழலும். ஃபர்னஸ் மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கிறது. இரவில் பாதி நேரம் ஓடினாலும் காலைக்குள் 30 ஆம்பியர் மணிக்குக் குறையாமல் தின்றுவிடும். அவர்களுடைய பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கு அது தாங்காது. வோல்ட் இறங்கி, வேகம் குறைந்து, அந்தக் காற்றுத் தகடு சாயாமல் போனால் நெருப்பே பற்றாது. புளோயர் வெறும் குளிர்க்காற்றை ஊதிக்கொண்டிருக்கும். பேட்டரியை மாற்றினார்கள்.

டிசம்பர் கடைசியில், இங்கே மார்கழிக் குளிருக்கே நாங்கள் மங்கி கேப் போட்டுக்கொண்டு காலை நடை போய்வந்த நாட்களில், அங்கே மைனஸ் 12 டிகிரியில் எடுத்த புதிய பதிவு வந்தது. "டிக்" என்ற ஒலி, கடகடப்பில்லாத மோட்டாரின் எழுச்சி, சில நொடிகளுக்குப் பின் தீப்பொறியின் மெல்லிய தட்டல், பிறகு நெருப்பின் சீரான மூச்சு. நான்காவது சத்தம் அப்படியே இருக்கிறது, அது இருக்கத்தான் வேண்டும். பதிவு முடியும் வரை பேத்தியின் குரல் கேட்கவில்லை. அன்றே மகளிடம் சுவரில் உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத் தேதியைப் படிக்கச் சொன்னேன். அதன் ஆயுள் முந்தைய ஆண்டே முடிந்திருந்தது. மறுநாள் புதியதை வாங்கி மாட்டி, பொத்தானை அழுத்திச் சோதித்து, அந்தச் சத்தத்தையும் எனக்குப் பதிவு செய்து அனுப்பினாள்.